மோப்ப நாய்க்கே பாடம் எடுத்தவர்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்: மூக்கு நிபுணர். எதைக் கண்டாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார், பிறகு விளக்குவார், நீங்கள் நழுவப் பார்த்தால் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விளக்குவார்.

சிங்காநல்லூர் நஞ்சுண்டன் அந்த இனத்தில் முதல் தரம். பீடியைக்கூடத் தொட்டறியாதவர். ஆனால் கனடாவில் மகன் வீட்டுக்குப் போய், அங்கே சட்டப்படி கஞ்சா விற்கும் கடையில் அரை மணி நேரம் நின்று, கடைக்காரப் பெண் சொன்னதையெல்லாம் கேட்டு வந்ததிலிருந்து, மாம்பழம் நறுக்கினால் "மிர்சீன்" என்பார், எலுமிச்சை பிழிந்தால் "லிமோனீன்" என்பார், பொங்கலில் மிளகு கடிபட்டால் கண்ணை மூடிக்கொண்டு "காரியோஃபிலீன்! கஞ்சாவுலயும் இதேதானுங்க!" என்பார். பக்கத்து இலைக்காரர் மெதுவாக எழுந்துவிடுவார். இவையெல்லாம் டெர்பீன்கள் என்னும் வாசனைப் பொருள்களாம், ஒரு செடி எலுமிச்சையாகவும் இன்னொன்று மிளகாகவும் மணப்பது இவற்றால்தானாம். யார் கேட்டார்கள்?

அன்று ஆனைமலையில் அவர் மனைவி பிரவீனாவின் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா வந்து நின்றால்தான் இணைச்சீர்ச் சடங்கு. அது முடிந்தால்தான் தாலி. இவரோ பூக்கடையில் மல்லிகையின் லினலூல் என்ற டெர்பீனை விளக்கியதிலேயே முக்கால் மணி நேரத்தைத் தின்றிருந்தார்.

இருவரும் காரில் பொள்ளாச்சி தாண்டியதும் போலீஸ் சோதனை. மோப்ப நாய் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொட்டாவி விட்டது. "கெளம்புங்க சார்," என்றார் காவலர்.

கிளம்பினாரா? கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க சார், இந்த நாயி எதைங்க மோந்து பாக்குது? கஞ்சாவுல போதை குடுக்கற சரக்குக்கு வாசமே கெடையாதுங்க. வாசமெல்லாம் டெர்பீனுங்க!"

காவலர் மரியாதை குறையாமல் கேட்டார்: "சாருக்கு இதுல இத்தனை அனுபவங்களா? கொஞ்சம் எறங்குங்க. பையெல்லாம் எறக்கிப்போடுங்க."

சீர்த்தட்டு, பட்டுச்சேலை, பலகாரத் தூக்கு எல்லாம் ரோட்டோரம் இறங்கின. நஞ்சுண்டனுக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர், அவர் பேசப் பேச நோட்டில் எழுதிக்கொள்கிறாரே!

பிரவீனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சோதித்து முடித்த சேலையையும் தட்டையும் அள்ளிக்கொண்டு ஓர் ஆட்டோவை மறித்தாள்.

"சார், இவரை நீங்களே வெச்சுக்குங்க. எந்தம்பி காத்துட்டிருக்கான், நானு போறேனுங்க!"

இணைச்சீர் நேரத்துக்கு நடந்தது. நஞ்சுண்டன் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து, ரசத்தின் மிளகு வாசம் மட்டும் மிச்சமிருந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், "எல்லா மாம்பழத்திலும் மிர்சீன் ஒரே அளவு இருக்காதே!" என்று சொல்ல இப்போதே உங்கள் வாய் துறுதுறுக்கிறதா? அப்படியானால், வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க சார்.