ரிவர்ஸ் கியர் போன வேனைப் பற்றி அண்ணனுக்கு

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். குறிப்பாக நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நேரில் வந்து பேசும்போது காய்ச்சல், தலைவலி என்று எதுவும் குறுக்கே வரக்கூடாது.

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். பழைய வண்டி வாங்கி விற்கிறவருக்குத் தினமும் என்ன மீட்டிங்கோ தெரியவில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் செய்ய முடியாது.

நான்கு மாதத்துக்கு முன் அந்தப் பெரிய சரக்கு வேனை என் லாண்டரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஒரே கை ஓட்டுன வண்டி, உள்ள நிமிர்ந்து நிக்கலாம், டீசல் ஊத்து, ஓட்டு, வேற ஒண்ணும் வேணாம்" என்றீர்கள். நிமிர்ந்து நிற்கலாம் என்பது மட்டும் உண்மை. முதல் வாரமே, ஓட்டல் பின்வாசலில் நூற்றிருபது படுக்கை விரிப்புகளோடு நிற்கிறோம், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு அசையவில்லை. பின்கதவைத் திறக்கலாம் என்றால் நீங்கள் கொடுத்த சாவிக்கும் அந்தப் பூட்டுக்கும் முன்பின் பழக்கமில்லை. என் வீட்டுக்காரர் டிரைவர் சீட்டின் மேல் ஏறி உள்ளே குதித்து, முன் ஜன்னல் வழியாக விரிப்புகளை ஒவ்வொன்றாக நீட்ட, ஓட்டல் சூப்பர்வைசர் எண்ணிக்கொண்டே, "என்னம்மா, ஏடிஎம்ல வர்ற மாதிரி வருது" என்றார். கதவைத் தாங்கும் உருளைகள் தேய்ந்துபோயிருந்தனவாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருளை மூன்று. அதற்குக் கொடுத்த பணத்தில் ஒரு மாதத்துக்குச் சோப்புத்தூள் வாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் நட்டநடுப் பாலத்தில் புகை. தண்ணீர் பம்ப் போய்விட்டது. மெக்கானிக் சொன்னார், "பம்ப் விலை கம்மிதான்க்கா. அதுகிட்ட போய்ச் சேர்றதுக்குத்தான் செலவு." ஃபேன், ரேடியேட்டர், பெல்ட் என்று வண்டியின் முன்பக்கம் முழுவதையும் பிரித்துத் தரையில் பரப்பிய பிறகு பார்த்தால் குழாய்களிலும் வெடிப்பு. "இதையும் இப்பவே மாத்திடலாம்க்கா, மறுபடி பிரிக்க வேணாம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இதுவரை அழுத பணத்தில் புது வாஷிங் மெஷின் வந்திருக்கும். இந்த இடத்தில் எனக்கு மரியாதை தீர்ந்துவிட்டது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன்.

அதற்கப்புறம் ரிவர்ஸ் கியர் போனது. போனதை என் வீட்டுக்காரர் பதினொரு நாள் என்னிடம் சொல்லவில்லை. ஒரு தெருவுக்குள் நுழைவதற்கு முன் இறங்கிப் போய், மறுபக்கம் வெளியே வர வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். சர்க்கரைக்காக நடக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பிரசவ ஆஸ்பத்திரி. இந்த ஒப்பந்தத்துக்காக இரண்டு வருடம் அலைந்தேன் என்பது உனக்கே தெரியும். ஒரு மாதம் சோதனை, காலை ஏழு மணிக்குத் துணி உள்ளே இருக்க வேண்டும், தவறினால் வேறு ஆள். ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது பாதியில் கியர் கழன்றுகொண்டது. என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. அப்புறம் நகர்ந்தது. பதினொரு நாளாகப் பின்னால் போகாத வண்டி அன்றைக்குப் பின்னால் போனது. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுக்க, நான் குதித்து இறங்கி ஒரு துணி மூட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினேன். நின்றது. மீதிப் பதின்மூன்று மூட்டை. தோளில் போட்டுக்கொண்டு மேடேற ஆரம்பித்தோம். கேட் பக்கம் பிள்ளை பிறக்கக் காத்திருந்த ஆண்கள் ஆறு பேர், கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்கள், ஓடிவந்து ஆளுக்கு ஒன்றிரண்டாகத் தூக்கிக்கொண்டார்கள். உள்ளே போகும்போது ஏழு பத்து. தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த ஆறு பேரைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் லேட். ஆனா அப்பாக்கள் இங்க ஒரு வேலை செஞ்சு இன்னைக்குத்தான் பாக்குறேன். நாளைக்கும் கொண்டாங்க."

ஒப்பந்தம் தப்பித்தது. நீ தப்பிக்கவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மெக்கானிக் கியர்பாக்ஸைத் திறந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"கிரீஸ் மாதிரி கெட்டியா எதையோ ஊத்தியிருக்காங்கக்கா. சத்தம் வெளிய தெரியாம இருக்கப் பண்ற வேலை இது. உள்ள பல்லெல்லாம் தேஞ்சுபோச்சு. யாரு வித்தாங்க?"

"கூடப்பொறந்த அண்ணன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறை ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். அண்ணன் என்ற வார்த்தையைச் சொல்ல எனக்குக் கூசியது அன்றைக்குத்தான். கியர்பாக்ஸ் செலவு, வண்டிக்கு நான் உனக்குக் கொடுத்ததில் பாதி. பத்து நாளில் அது என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் உன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைக் கதவிலிருந்து ஆரம்பித்துச் சொல்வேன். என் தொண்டையைப் பற்றி உனக்குத் தெரியும்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் ஒரே தங்கை
(இன்னொருத்தி இருந்திருந்தால் அவளுக்கும் ஒன்று விற்றிருப்பாய்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். கியர்பாக்ஸ் பற்றிய இடம் வந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். திரும்பி வந்து, மறுபடியும் தண்ணீர் குடிக்கப் போனார். உட்கார வைத்துக் கேட்டேன். "போன மாசம் சத்தம் வந்துச்சு. கிரீஸ் மாதிரி ஒண்ணை ஊத்துனா போயிடும்னு வீடியோல ஒருத்தன் சொன்னான். போயிடுச்சு. கூடவே ரிவர்ஸும் போயிடுச்சு" என்றார். கியர்பாக்ஸில் லேசாகச் சத்தம் இருக்கிறது, கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்று நீங்கள் மூன்று முறை போன் செய்தீர்களாம். அதை என்னிடம் சொல்ல மறந்துவிட்டாராம்.

இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. கதவும் பம்பும் உங்கள் கணக்குதான். மற்றபடி 'நீ' என்று வருகிற இடங்களில் என் வீட்டுக்காரரை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட வாருங்கள். வரும்போது கடையிலிருந்து பெரிய வண்டியாக ஒன்றை எடுத்து வாருங்கள் அண்ணா, ஆஸ்பத்திரித் துணியை ஆட்டோவில் அனுப்புகிறேன், ஓட்டல் துணி இரண்டு நாளாக அப்படியே கிடக்கிறது.