விலையேற்ற எதிர்ப்பு விழா

போராட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்பதுதான் தியாகலிங்கத்தின் முதல் கவலை.

ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியில் அவர் நடத்தும் பப்பில் ஓடுவது கிறே ஹெரன் கம்பனியின் பியர் ஒன்றுதான். வேறெதையும் ஊற்றிக் கொடுத்தால் வாடிக்கையாளர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். அந்தக் கம்பனி பீப்பாயின் விலையை இந்த வருடம் இரண்டாம் தடவையும் ஏற்றிவிட்டது. கிளாசின் விலையை ஏற்றலாமென்றால், பின்னேரங்களில் வந்து குந்துகிற ஓய்வூதியக் கூட்டம் பேசாமல் எழும்பி யாராவது ஒருவருடைய கராஜுக்குள் போயிருந்து குடிக்கத் தொடங்கிவிடும். மாத முடிவில் கடையின் குத்தகையை வேறு புதுப்பிக்க வேண்டும்.

"விலை இறங்கினால் கையெழுத்து வையுங்கோ. இறங்காட்டிக் கடையைப் பூட்டிப்போட்டு வாங்கோ," என்று மனைவி சந்திரவதனா சொல்லிவிட்டாள்.

"எங்கை வாறது?"

"வீட்டைதான். பேஸ்மென்ற் கூட்டாமல் எவ்வளவு காலமாய்க் கிடக்கு."

பேஸ்மென்றும் விளக்குமாறுமாகத் தன் எதிர்காலத்தை நினைத்துப் பார்த்த தியாகலிங்கம் அன்றைக்கே போராட்டத்தில் இறங்கினார்.

ஸ்காபரோவில் பப் வைத்திருக்கும் நம்மவர்கள் அத்தனை பேரையும் தொலைபேசியில் பிடித்தார். சனிக்கிழமை கம்பனி வாசலில் சுலோக மட்டையோடு நிற்பது என்பது திட்டம். எல்லாரும் "கட்டாயம் வாறம்" என்றார்கள். அதற்கு என்ன பொருள் என்பது அப்படிச் சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

உண்மையைச் சொன்னவர் பக்கத்து வோபர்னில் பப் நடத்தும் வீரக்குட்டி ஒருவர்தான். மட்டக்களப்புக்காரர். எந்தச் சங்கத்தைத் தொட்டாலும் அதற்கு அவர்தான் செயலாளராக இருப்பார்.

"அண்ணன், இந்தக் குளிருக்குள்ள மட்டையோட நிக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. ஒரு ஹோலை எடுங்க."

"போராட்டத்தை ஹோலுக்குள்ளையோ செய்யிறது?"

"ஹீட்டர் இருக்கும் அண்ணன்."

மண்டபம் எடுத்தாயிற்று. மண்டபக்காரன் கதிரைகளை வரிசை வரிசையாகப் போட்டுத் தருவதாகச் சொன்னான். பப்காரர் எல்லாரும் வந்தாலும் முன்வரிசைகூட நிரம்பாது. வெறுங்கதிரைகளைப் பார்த்துப் பேசினால் கம்பனி சிரிக்காதா?

"சின்னப் பிள்ளையள்ட டான்ஸ் ஒண்டு வைப்பம்," என்றார் வீரக்குட்டி. "ஒரு பிள்ளை ஆடினா தாய், தகப்பன், பெரியம்மா, சித்தி, வீடியோ எடுக்கிற மாமா எண்டு ஒரு வேன் நிறைய வரும்."

"பியர் விலைக்குப் பரதநாட்டியமோ?"

"அது வரவேற்பு நடனம் அண்ணன். அதில விலையைப் பத்தி ஒண்டும் வராது."

நடன ரீச்சர் சம்மதித்தார். ஆனால் பொன்னாடை போர்த்தவேண்டும் என்றார். ஒருவருக்குப் போர்த்தி மற்றவரை விட்டால் மனஸ்தாபம் வரும் என்பதால் ஒரு கட்டுப் பொன்னாடை வாங்கப்பட்டது. பொன்னாடை வந்ததும் பிரதம விருந்தினர் தேவைப்பட்டார். பிரதம விருந்தினர் வந்தால் சும்மா நிற்கக்கூடாது, விளக்கேற்ற வேண்டும். ஆடிய பிள்ளைகளுக்குப் பசிக்கும். ரோல்ஸுக்கும் ஓடர் கொடுத்தாயிற்று.

வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்த சந்திரவதனா தலை நிமிர்ந்து கேட்டாள்:

"ஏனப்பா, உது ஆரின்ர பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடு?"

"போராட்டமப்பா."

"அப்ப எனக்குச் சீலை?"

அன்று பின்னேரமே தியாகலிங்கம் வீரக்குட்டிக்குத் தொலைபேசி அடித்தார். "என்னாலை ஏலாது. கடையைக் காப்பாத்த வெளிக்கிட்டுக் கடை முழுக்க இதுக்கை போகப்போகுது. நிப்பாட்டுவம்."

"நோட்டீஸ் எல்லா இடமும் போயிற்று அண்ணன். இப்ப நிப்பாட்டினா வெக்கக்கேடு. ஸ்பொன்சரை என்னட்ட விடுங்க. எத்தினை விழா செய்தவன், ஆரிட்டக் கேக்கிற எண்டு எனக்குத் தெரியாதா?"

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு கதிரையில் இரண்டு பேர் இருந்தார்கள். தியாகலிங்கம் பட்டுவேட்டியோடு மேடையேறித் திரையை விலக்கினார். பின்னால் பெரிய பதாகை தொங்கியது: "அநியாய விலையேற்றத்தை எதிர்ப்போம்!" அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில்: "பிரதான அனுசரணை: கிறே ஹெரன் பியர்க் கம்பனி."

தியாகலிங்கம் பக்கத்தில் நின்ற வீரக்குட்டியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"வீரக்குட்டி, உது என்ன?"

"வழமையா தாறவங்கதானே அண்ணன். பழைய கடிதத்தில திகதியை மட்டும் மாத்தி அனுப்பினன். மறுபேச்சில்லாமத் தந்தாங்க."

"ஆரை எதிர்த்துக் கூட்டம் எண்டு யோசிச்சீரோ?"

"எதிர்க்கிறது உங்கட பொறுப்பு அண்ணன். செலவுதான் என்ட பொறுப்பு."

சனம் கவனித்துக் கேள்வி கேட்குமுன் மறைத்துவிட வேண்டும். தியாகலிங்கம் தட்டத்திலிருந்த பொன்னாடையைப் பாய்ந்து எடுத்து, கம்பனியின் பெயர் மறையும்படி பதாகையில் போர்த்தினார். கம்பனிக்கே பொன்னாடை போர்த்துகிறார் என்று நினைத்து மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. வீடியோ மாமாக்கள் முன்னுக்கு ஓடி வந்தார்கள். "இந்தப் பக்கம் பாருங்கோ அங்கிள்," என்று ஒருவர் கேட்க, அவரும் பழக்கதோஷத்தில் திரும்பிச் சிரித்துவிட்டார்.

கம்பனியின் சார்பில் வந்திருந்த நிலாணி மேடைக்கே ஏறி வந்தாள். சமூகத் தொடர்பு அலுவலர், இங்கேயே பிறந்து வளர்ந்த, தமிழ் பேசினாலும் வாசிக்கத் தெரியாத பிள்ளை.

"சோ ஸ்வீற் அங்கிள். எங்களை ஒருத்தரும் இவ்வளவுக்கு மரியாதை பண்ணேல்லை."

இனி மறைக்க என்ன இருக்கிறது? தியாகலிங்கம் அவளை மேடையின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லுறன். இது உங்களை எதிர்த்து வைச்ச கூட்டம். விலை இறங்காட்டி இந்த மாசத்தோடை என்ர கடை பூட்டு. மேலிடத்திலை ஒருக்காச் சொல்லும் அம்மா. ஏன் இப்பிடி ஏத்தி ஏத்தி எங்களைக் கொல்லுறியள்?"

நிலாணி கடித்த ரோல்ஸை மென்று விழுங்கினாள். விளக்கையும், சலங்கை கட்டிய பிள்ளைகளையும், மிச்சமிருந்த பொன்னாடைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொன்னனான் எண்டு சொல்லாதேங்கோ அங்கிள், ஸ்காபரோவில ஒவ்வொரு வீக்கெண்டும் நடக்கிற இப்பிடி ஃபங்ஷனுகளுக்கு ஸ்பொன்சர் குடுத்துக் கட்டுபடியாகாமத்தான் விலையை ஏத்தினவை, இண்டைக்குக் குடுத்ததுக்கு மண்டே திரும்ப ஏத்தீனம்."