இரத்மலானையிலிருந்து பலாலிக்கு எவ்வளவு நேரம்?

என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இருபத்துமூன்று வயதில், கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாத மேதாவியாக இருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

போர்க்காலம். கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியம்மா, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஊரில் அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிவிட்டது. தரைப்பாதை மூடியிருந்தது. விமானத்தில் போக அனுமதி கேட்டுக் கந்தோர் கந்தோராக ஒரு மாதம் அலைந்து, ஒருவழியாக வாங்கினோம்.

“தம்பி, மேலை எவ்வளவு நேரம் இருக்கவேணும்? எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வருமடா” என்றார் பெரியம்மா.

‘ஒரு மணித்தியாலம்’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். (வாய் இருந்ததுதானே!) நான் ஒரு தாளில் இலங்கைப் படம் கீறி, கொழும்பில் விமானம் ஏறும் இரத்மலானைக்கும் யாழ்ப்பாணத்தில் இறங்கும் பலாலிக்கும் அடிமட்டம் வைத்துக் கோடிழுத்தேன். தூரம் முந்நூறு கிலோமீற்றர், வேகம், நிமிடம் எல்லாம் எழுதினேன். இருபதாவது நிமிடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளடி. அங்கேதான் சத்தி வரும் என்பது என் கணக்கு; அதை அடக்க அந்த இடத்தில் அவர் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, மூக்கில் வைத்து மணக்கவேண்டும். பெரியம்மா தாளைப் பக்குவமாக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

மறுநாள் காலை, காலி வீதிச் சோதனைச் சாவடியில் எங்கள் ஓட்டோவை மறித்தார்கள். சிப்பாய் கைப்பையைத் திறந்து தாளை விரித்தார். விமானப் பாதை, நேரம், சிவப்புப் புள்ளடி.

“இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டார்.

சிங்களத்தில் சத்தி எடுப்பதில்லை, ‘போடுவார்கள்’. பதற்றத்தில் சத்திக்கான சொல் மறந்துபோனது. போடுவது மட்டும் வாயில் நின்றது. “இருபது நிமிடத்தில் பெரியம்மா பிளேனுக்குள் போடுவா” என்று விளக்கம் சொன்னேன்.

சிப்பாய் ஓரடி பின்வாங்கினார். துவக்கின் குழல் ஓரடி முன்வந்தது.

எங்களைச் சாவடி ஓரத்து மர வாங்கில் இருத்தினார்கள். அனுமதிக் கடிதத்தை நீட்டினோம், யாரும் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட அறுபது வயது மனிசி குண்டு போடப்போகிறாராம்! பத்தரை மணிக்கு, பெரியம்மா போகவேண்டிய விமானம் எங்கள் தலைக்கு மேலால் வடக்கே போனது. பெரியம்மா அண்ணாந்து பார்த்தார்.

“இப்ப எத்தினையாவது நிமிசம், தம்பி?”



பின்னேரம், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஓர் அதிகாரி வந்தார். புள்ளடிக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை உரக்க வாசித்தார்: “இங்கே தேசிக்காய்.” பிறகு சிங்களத்தில் சொன்னார். சாவடியே விழுந்து விழுந்து சிரித்தது. துவக்கை நீட்டிய சிப்பாய் என் தோளில் தட்டி, “சரி மல்லி, போ” என்றார். ஒரு மன்னிப்புக்கூட இல்லை. தம்பி முறை மட்டும். துவக்கைவிட அந்தத் தட்டுத்தான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அனுமதி அந்த ஒரு நாளுக்குத்தான். மறுபடி கந்தோர்கள், மறுபடி ஒரு மாதம். பிரசவத்தின்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அயல்வீட்டு மனிசி. பெரியம்மா போய்ச் சேர்ந்தபோது பேரன் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தான்.

இப்போது குடும்பம் நாலு நாடுகளில் இருக்கிறது. யார் பயணம் போவதென்றாலும் பெரியம்மாவின் மகள் தொடங்கிவிடுவாள்: “அண்ணாட்டைக் கேளுங்கோ. கொழும்பிலையிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பிளேனிலை ஒரு மாசம் எண்டு கண்டுபிடிச்ச ஆள்!”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். என் கணக்குகளில் பிழையாகாதது அந்த ‘ஒரு மாசம்’ ஒன்றுதான்.