வலையைத் தூக்கிய காற்று

இந்த ஜூலையில் சாஸ்கடூன் பழம் பறிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணமான பிறகு நான் சொந்தமாக எடுத்த முதல் முடிவு. என் மனைவி ஸ்டெஃபாவிடம் மட்டும் சொல்லவில்லை.

நாவல்பழ நிறத்தில் பட்டாணி அளவே இருக்கும் அந்தப் பழத்தின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. எங்கள் வேலியோரம் ஸ்டெஃபா வைத்த மூன்று புதர்கள் நிற்கின்றன. பனி போன கையோடு வெள்ளைவெளேரென்று பூக்கும். இலையுதிர் காலத்தில் தோட்டம் தீப்பிடித்த மாதிரி சிவக்கும். அந்தப் பழத்தை மாவுக்குள் பொதிந்து அவள் சுடும் அடையை நம்பித்தான் ஒவ்வொரு குளிர்காலத்தையும் தாண்டுகிறேன். குறை ஒன்றே ஒன்று. பழம் பழுக்கும் வாரமும் ஏரியில் மீன் தூண்டிலைக் கடிக்கும் வாரமும் ஒன்று.

பக்கத்து வீட்டு மெர்வினுக்கும் இதே தலையெழுத்து. அவனிடம் படகு இருக்கிறது. தோட்டத்தில் சாஸ்கடூனும் இருக்கிறது. அவன் மனைவி வெர்னா, ஸ்டெஃபாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"பழம் இருந்தாத்தானே பறிக்கணும்?" என்றான் மெர்வின், காப்பிக் கடையில்.

நாற்பது வருடப் பழக்கத்தில் அவன் சொன்ன முதல் நல்ல யோசனை. பறவைகள் தின்னாமலிருக்க இரண்டு வீட்டுப் புதர்களுக்கும் வலை போட்டிருந்தோம். விடியற்காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் ஆளுக்கொரு வலையைத் தூக்கிவிட்டோம். கறுப்பு முகமூடி போட்ட குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. கல்யாணப் பந்தியில்கூட அவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. காலைச் சாப்பாட்டுக்குள் காரியம் முடிந்துவிட்டது.

"ஸ்டெஃபா, அநியாயத்தைப் பாரு! காத்து வலையைத் தூக்கிடுச்சு!"

"காத்தா?" அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே தபால் நிலையக் கொடி ஈரத்துணி மாதிரி தொங்கியது.

"நம்ம பக்கம் மட்டும் அடிச்சிருக்கும்."

"வெர்னா வீட்டுப் பக்கமும் அடிச்சிருக்கு. இப்பதான் போன் பண்ணினா."

"பாத்தியா? பெரிய காத்து!"

"கெட்டிக்காரக் காத்து. நான் போட்ட முடிச்சை அவுத்து, கயித்தைச் சுருட்டிக் கொட்டகையில வேற மாட்டியிருக்கு."

நான் காப்பியைக் குடித்தேன்.

"சரி விடு. குருவியும் சாப்பிடணும்ல," என்றாள். "என்ன, இந்தக் குளிர்காலத்துக்கு அடை கிடையாது."

இந்த இடத்தை நானும் மெர்வினும் யோசிக்கவே இல்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அடை இல்லாமல்! என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது போலும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஓரெஸ்ட், உன்னை எங்க இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் சமவெளியில் ஒருவன் தன் சம்பளத்தைச் சொல்வான், மூல வியாதியைச் சொல்வான். தன் குடும்பம் காட்டுச் சாஸ்கடூன் பறிக்கும் இடத்தை மட்டும் சொல்லமாட்டான். ஸ்டெஃபா என்னை நம்பிக் கழுத்தை நீட்டினாள், மூன்று பிள்ளை பெற்றாள். அந்த இடத்தைக் காட்டியதில்லை. இன்று காட்டப்போகிறாள். எனக்கு! மீனாவது, ஏரியாவது.

"மெர்வின்கிட்ட மூச்சு விடக்கூடாது."

"செத்தாலும் விடமாட்டேன்."

"இந்தத் துண்டால கண்ணைக் கட்டிக்கோ."

"இன்னுமா என்னை நம்பல?"

"உன்னை நம்பறேன். காப்பிக் கடையில உக்காந்த உன் வாயை நம்பல."

மெர்வினைக் கூப்பிட்டு, முதுகு வலி, மீன் பிடிக்க வரமுடியாது என்றேன். திட்டுவான் என்று பார்த்தால், "எனக்கும் வயிறு சரியில்லப்பா," என்று அவசரமாகப் போனை வைத்துவிட்டான். பாவம்.

வண்டி ஏதேதோ குண்டு குழியில் குதித்து நின்றது. துண்டை அவிழ்த்தேன். சரிவு முழுக்க நீலக்கறுப்பாய்க் கொத்துக் கொத்தாகப் பழம். கண் கலங்கிவிட்டது. ஸ்டெஃபா ஒரு காலி ஐஸ்கிரீம் வாளியை என் பெல்ட்டில் கட்டிவிட்டாள். வீட்டுப் புதரைப் போல இங்கே நின்றபடி பறிக்க முடியாது. காட்டு ரோஜா முள் காலைக் கிழித்தது. கொசு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஆனாலும் நன்றியோடு பறித்தேன்.

மதியம் புதருக்கு அந்தப் பக்கம் கிளை முறிந்தது. பெருமூச்சு கேட்டது.

"ஸ்டெஃபா! கரடி!"

"அது பாட்டுக்குப் பறிக்கட்டும். நீ பறி," என்று எங்கிருந்தோ பதில் வந்தது.

கரடி வெளியே வந்தது. வாயெல்லாம் நீலம். கழுத்தில் சமையலறைத் துண்டு. இடுப்பில் ஐஸ்கிரீம் வாளி.

"மெர்வின்! உனக்கு வயிறு சரியில்லன்னே?"

"உனக்கு முதுகு வலின்னே?" என்றவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாதே. வெர்னா இந்த இடத்தை எனக்கு மட்டும்தான் காட்டியிருக்கா."

மேலே நிழலில் அக்காவும் தங்கையும் பிளாஸ்கைத் திறந்து வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கிளையை விலக்கிக் கீழே பார்த்தேன். ஏரி. ஒரு பெரிய மீன் துள்ளி, அவசரமில்லாமல் மறுபடி தண்ணீருக்குள் போயிற்று.

அன்று மாலையே முதல் அடை மேஜைக்கு வந்தது, மேலே ஐஸ்கிரீம் உருக. ஒரு வாய் வைத்தேன். முள்ளும் கொசுவும் மறந்துபோயின. புதருக்கு நன்றி, குருவிக்கு நன்றி என்று மனது நிறைந்துவிட்டது. கிண்டலாகச் சொல்லவில்லை. இப்படி ஒருத்தி வாய்க்க நான் எதுவும் செய்திருக்கவில்லை.

"ஸ்டெஃபா, உண்மையாவே சொல்றேன். ரொம்ப நன்றி. எனக்கு இது போதும்."

"குளிர்காலத்துக்குப் போதாதே. பாதிச் சரிவு அப்படியே இருக்கு," என்று இன்னொரு துண்டு அடையை என் தட்டில் வைத்தாள். "கண்ணு கட்டற துண்டைத் துவைச்சுப் போட்டிருக்கேன். உன் காத்து அடிச்சா விடியறதுக்குள்ள காஞ்சிடும்."