நாற்பத்து மூன்று அன்பான நினைவூட்டல்கள்

ஏப்ரல் மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு, ஈச்சங்காட்டுவயல் தொடக்கப்பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்து இறங்கியது. தலைப்பு, ‘கல்வியாண்டு நிறைவையொட்டிப் பெற்றோர்களுக்கு அன்பான நினைவூட்டல்கள்.’ நினைவூட்டல்கள் மொத்தம் நாற்பத்து மூன்று. பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் முப்பத்தேழு. ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் ஆறு மிஞ்சும்.

அதற்கு நான் எத்தனை மணிக்குக் கட்டைவிரல் போட்டேன் என்று கேளுங்கள். அதே பத்து பதினான்குக்கு. ஒரு கையால் தேங்காயைச் சாக்கில் போட்டுக்கொண்டே மறு கையால் போட்டேன். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. குழுவில் எது வந்தாலும் முதலில் ஒரு கட்டைவிரல். காலை வணக்கத்துக்குக் கட்டைவிரல், கரண்ட் நிறுத்தத்துக்குக் கட்டைவிரல். போன மாசியில் சத்துணவு ஆயா இறந்துபோன சேதி வந்தபோது இருபத்தாறு கட்டைவிரல் விழுந்தது. அதில் என்னுடையது மூன்றாவது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் ஆத்மநாதன். கறம்பக்குடி போகிற ரோட்டில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர் என்கிற கௌரவமும் உண்டு. என் மகன் பாலாஜி ஐந்தாம் வகுப்பு. புதுக்கோட்டையில் ஒரு பெரிய ரெசிடென்ஷியல் ஸ்கூலில் அலையாய் அலைந்து அவனுக்கு சீட் வாங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் டி.சி. கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சீட்டை அடுத்த ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

பதினோரு மணிக்குத் தலைமையாசிரியர் வெற்றிசெல்வன் சார் போன் செய்தார்.

“சார், தொண்ணூத்தேழு பாயிண்ட் ஒண்ணு நாலுலயே நிக்குது.”

“யாருக்கு சார் காய்ச்சல்?”

“சதவீதம் சார், சதவீதம்! நாப்பத்து மூணாவது நினைவூட்டலைப் பாக்கலையா? ‘அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன்’னு எல்லாப் பெற்றோரும் கட்டைவிரல் போடணும். மொத்தம் முப்பத்தஞ்சு குடும்பம். முப்பத்து நாலு விழுந்திருச்சு. நூறு ஆனாத்தான் கல்வித்துறை போர்ட்டல் கல்வியாண்டை மூடும். ஆண்டை மூடினாத்தான் டி.சி. பட்டன் பச்சையாகும்.”

“பச்சையாகாட்டி?”

“பிள்ளைங்க இந்த வருசத்துலயே இருக்க வேண்டியதுதான்.”

“ஜூன்ல அடுத்த வருசம் பொறந்துருமே சார்?”

“பொறக்கும். நமக்குப் பொறக்காது.”

அந்த ஒரு குடும்பம் கண்ணாத்தாள். புருசன் போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போய்விட, இவள் பூக்கொல்லையில் கூலிக்குப் பூ பறித்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறாள். அவளிடம் இருப்பது பட்டன் போன். குழுவில் அவள் நம்பரே கிடையாது. இல்லாத ஆள் எப்படிக் கட்டைவிரல் போடுவாள் என்று போர்ட்டல் கேட்கவில்லை. பெயர் இருக்கிறதா, விரல் வேண்டும், அவ்வளவுதான்.

நேரே பூக்கொல்லைக்குப் போனேன்.

“கண்ணாத்தா, பள்ளிக்கூடத்து நோட்டீசு வந்திருக்கு. படிச்சேன்னு ஒரு கட்டைவிரலு வைக்கணும்த்தா.”

“நான் படிக்கலையேண்ணே.”

“நாங்க மட்டும் படிச்சமா?” வாய் தவறி வந்துவிட்டது.

அவள் பூப்பறிக்கிற கையை நிறுத்தினாள். “அப்ப என்ன எழுதியிருக்குன்னு ஒங்களுக்கும் தெரியாது?”

“வருசா வருசம் வாரதுதான். வெயில்ல சுத்தாத, நகத்தை வெட்டுன்னு நல்லதாத்தான் போட்டிருப்பாங்க.”

“அப்ப வாசிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டு வைக்கிறேன். எங்கப்பா கேக்காம கைநாட்டு வச்சுத்தான் கெணத்துல எங்க பங்கு போச்சு. அந்தக் கெணத்துத் தண்ணியைத்தான் இப்ப இந்தப் பூவுக்குக் கூலிக்குப் பாய்ச்சுறேன். அதுவுமில்லாம மூத்தவளைப் பள்ளிக்கூடம் தூரம்னு அஞ்சாவதோட நிப்பாட்டிட்டேன். அந்தப் பாவமே போதும். சின்னவ கார்த்திகாவாச்சும் படிக்கணும். பள்ளிக்கூடத்துச் சங்கதின்னா எனக்கு முழுசாத் தெரியணும்ணே.”

நாற்பத்து மூன்றையும் வாசிக்க எனக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது? “சரியான வீம்புக்காரி” என்று திட்டிக்கொண்டே திரும்பிவிட்டேன். ஒரு விரலைத் தூக்க ஒரு பொம்பளைக்கு இத்தனை யோசனையா என்று எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் மேலிடத்தில் தீர்வு கேட்டார். மேலிடம் உடனே தீர்வு கொடுத்தது. ஸ்மார்ட்போன் இல்லாத பெற்றோர், தம்மிடம் ஸ்மார்ட்போன் இல்லை என்பதைத் தம் ஸ்மார்ட்போன் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். அது முடியாத பட்சத்தில், பள்ளிப் பெயர்ப்பலகை முன்னால் நின்று, முகம் தெரிய, கட்டைவிரலை உயர்த்தியபடி, அட்சரேகை தீர்க்கரேகையோடு போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும்.

“விரலு நேரா மேல பாக்கணும் சார்” என்றார் அவர் கவலையோடு. “ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு அம்மா லேசா சாய்ச்சுக் காட்டி, ‘கருத்து ஏதுமில்லை’ன்னு பதிவாயிருச்சாம்.”

வியாழக்கிழமை பட்டமளிப்பு விழா, அன்றைக்கே போட்டோவையும் எடுத்துவிடலாம் என்று முடிவானது. ஆமாம், ஐந்தாம் வகுப்புக்குத்தான் பட்டமளிப்பு. டவுனில் தனியார் பள்ளிக்காரர்கள் எல்.கே.ஜி. பிள்ளைக்கே கறுப்பு கவுன் மாட்டிப் பட்டம் கொடுக்கிறார்கள், நாம் என்ன இளப்பமா என்று மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டதே நான்தான். கவுன் வாடகைக்குத் தேடி, கடைசியில் புதுக்கோட்டையில் நாடகத்துக்கு உடுப்பு கொடுக்கிற கடையில்தான் கிடைத்தது. எமதர்மனுக்குத் தைத்த கறுப்பு அங்கிகள். பிள்ளைகளுக்குத் தரையில் இழுத்தது. தொப்பியை அட்டையில் நாங்களே செய்துகொண்டோம்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி வெயில். தகரக் கொட்டகைக்குக் கீழே ஒன்பது எமதர்மன்கள் வரிசையாக உட்கார்ந்து வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார்கள். “இன்று நீங்கள் உலகை வெல்லப் புறப்படுகிறீர்கள்!” என்றார் தலைமையாசிரியர். “சார், தண்ணி” என்றான் என் மகன். குழாய் தையிலிருந்தே காய்ந்து கிடக்கிறது, உலகை வென்ற பிறகு குடித்துக்கொள்ளலாம் என்று உட்காரவைத்தோம்.

கண்ணாத்தாள் வேலையில் இருந்து அப்படியே வந்தாள். கூடவே நாலாம் வகுப்புக் கார்த்திகா. பெயர்ப்பலகை முன்னால் நிற்கவைத்து, தலைமையாசிரியர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

“விரலை உசத்துங்கம்மா.”

“வாசிங்க சார்.”

“அம்மா, நான் அனுப்புறவன். வாசிக்கிறவன் இல்லை. மேலேருந்து வந்துச்சு, கீழே அனுப்பினேன்.”

“மேல இருக்குறவரு வாசிச்சிருப்பாருல்ல?”

“அவருக்கும் மேலேருந்துதான் வந்திருக்கு.”

“அப்ப எழுதினது யாரு சார்?”

“அதாம்மா... மேல.”

வந்திருந்த பெற்றோர் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். “ஒருத்தியால எல்லாருக்கும் கேடு” என்று நான் சத்தமாகவே சொன்னேன். அப்போது கார்த்திகா, “நான் வாசிக்கட்டுமா சார்?” என்றாள். தலைமையாசிரியர் திடுக்கிட்டுப் போனார். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் சரளமாக வாசிப்பதாகப் பதிவேட்டில் எழுதியவர் அவர்தான். ஆனால் நேரில் ஒரு பிள்ளை வாசிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

போனை வாங்கி, எழுத்தெழுத்தாக, திருத்தமாக வாசித்தாள்.

“ஆறு. கோடை வெப்பத்தை முன்னிட்டு மாணவர்கள் பள்ளியிலும் நாள்தோறும் எட்டுக் குவளை நீர் அருந்துவதைப் பெற்றோர் உறுதி செய்யவும். பதினொன்று. நூலகப் புத்தகங்களைக் கிழிக்காமல் திருப்பி ஒப்படைக்கவும்.”

“எந்தப் புத்தகம்? பீரோச் சாவி தொலைஞ்சு மூணு வருசமாச்சே” என்றார் ஒருவர்.

“அதனாலதான் ஒண்ணும் கிழியலை” என்றார் தலைமையாசிரியர்.

இருபதைத் தாண்டும்போது பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பாலாஜி தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தான். “முப்பத்தொன்று” என்றாள் கார்த்திகா. “மாணவர் எண்ணிக்கை நாற்பதுக்குக் குறைவாக உள்ளமையால், வரும் கல்வியாண்டு முதல் இப்பள்ளி மூடப்பட்டு மேலச்சாத்தன்பட்டிப் பள்ளியுடன் இணைக்கப்படுவதற்குப் பெற்றோர் அனைவரும் மனமுவந்து சம்மதம் தெரிவிக்கின்றனர். முப்பத்திரண்டு. நகங்களைச் சுத்தமாக...”

“நில்லு ஆத்தா” என்றாள் கண்ணாத்தாள். “அதை இன்னொரு தடவை வாசி.”

இன்னொரு தடவை வாசித்தாள். மேலச்சாத்தன்பட்டி நாலு கிலோமீட்டர். ஜல்லி லாரி ஓயாமல் ஓடுகிற மெயின் ரோட்டுக்கு அங்கிட்டு இருக்கிறது. பஸ் கிடையாது.

பிறகு பாருங்கள், ஒரே கூச்சல். “யாரைக் கேட்டு மூடுறாங்க?” “எங்க ஊருப் பள்ளிக்கூடத்தை மூட இவங்க யாரு?” நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். தலைமையாசிரியர் போனைத் திருப்பிக் காட்டினார்.

“யாரைக் கேட்டா? ஒங்களைக் கேட்டுத்தான். இந்தா பாருங்க, முப்பத்து நாலு பேரு மனமுவந்து சம்மதிச்சிருக்கீங்க. ஆத்மநாதன் சார் அதே நிமிசத்துல மனமுவந்திருக்காரு.” சொல்லிக்கொண்டே வந்தவர் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. “அடக் கடவுளே! மேலேருந்து வந்தப்ப முதல் கட்டைவிரலு நான் போட்டது. பள்ளிக்கூடம் இல்லாட்டி நான் எதுக்குத் தலைமை?”

“நான் என் விரலை எடுத்துர்றேன்” என்று போனை வெளியே எடுத்தேன்.

“எடுங்க சார். எடுத்தா நூறு வராது. நூறு வராட்டி டி.சி. வராது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.”

என் விரல் அந்தரத்தில் நின்றது. ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் மற்ற எட்டுப் பேருடைய விரலும் அப்படியே நின்றது. எங்கள் பிள்ளைகள் எப்படியும் இந்தப் பள்ளியை விட்டுப் போகிறவர்கள்தானே என்கிற ஞானம் ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் பிறந்தது. மற்றவர்களும் மெதுவாக யோசிக்க ஆரம்பித்தார்கள். மேலச்சாத்தன்பட்டியில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறதாம். வேன் விட்டாலும் விடுவார்களாம். இவ்வளவு நேரம் கத்தியதே தொண்டைக்குப் போதும் என்று ஒருவர் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம்.

நான்தான் வாயைத் திறந்தேன். “கண்ணாத்தா, ஊரே சம்மதிச்சாச்சு. நீ ஒருத்தி மறிச்சு என்ன ஆகப்போகுது? பத்து வயசுப் பிள்ளைக வாழ்க்கை ஒன் கையில இருக்கு.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “ஒங்க மகனுக்கு டி.சி. வேணும். எம்மகளுக்குப் பள்ளிக்கூடம் வேணும்ணே. படிக்காம விரல் வச்சீங்க, அது தெரியாத்தனம். இப்பப் படிச்சுக் கேட்டுட்டும் எடுக்க மாட்டேங்கிறீங்களே, அதுக்கு என்ன பேரு? நான் வைக்க மாட்டேன்.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அதற்காக சீட்டை விட முடியுமா?

தலைமையாசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதவிக் காலத்திலேயே முதல்முறையாக, ஒரு சுற்றறிக்கையை மீதியும் படித்தார். படிப்பின் அருமை எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாற்பத்திரண்டாவது நினைவூட்டல்: ‘தவிர்க்க இயலாத சூழலில், பெற்றோர் சார்பாகப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் கட்டைவிரல் உயர்த்தலாம்.’ எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பெயர்ப்பலகை முன்னால் நின்றேன். விரல் நேராக மேலே பார்த்தது. முகம் மட்டும் விழாதபடி எடுக்கச் சொன்னேன். போர்ட்டல் முகத்தைத் தேடவில்லை, விரல் போதும் என்று விட்டுவிட்டது. ‘கண்ணாத்தாள், பெற்றோர், சம்மதம்’ என்று ஏற்றினார்கள். பட்டன் பச்சையானது. ஒரே கைதட்டல். டி.வி.யில் பார்த்த மாதிரி பிள்ளைகள் தொப்பியை மேலே வீசினார்கள். என் மகனுடையது தகரத்தின் மேல் மாட்டிக்கொண்டது.

ஜூனில் பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. தொப்பி இன்னும் தகரத்தின் மேலேயே கிடக்கிறது. ஜூலையில் தபால்காரர் ஒரு பெரிய கவரை என் மண்டியில் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளியில் வாங்க ஆள் இல்லையாம். உள்ளே, நூறு சதவீதப் பெற்றோர் பங்கேற்பைச் சாதித்த முன்மாதிரிப் பள்ளி என்று எங்கள் பள்ளிக்குப் பாராட்டுச் சான்றிதழ். குழுவில் போட்டோ போட்டேன். முப்பத்து நான்கு கட்டைவிரல் விழுந்தது.

நேற்று காலை எட்டு மணிக்கு மகனுடைய ரெசிடென்ஷியல் ஸ்கூலில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘அன்பான பெற்றோர்களுக்கு இனிய நினைவூட்டல்கள்.’ அறுபத்தொன்று. கடைசி வரி, எட்டேகாலுக்குள் கட்டைவிரல் போட வேண்டும், போடாத பெற்றோரின் பிள்ளைகள் விடுதியில் இருந்து அனுப்பப்படுவார்கள். வாசிக்க உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே கண்ணைக் கட்டியது. எழுத்து தெரியாமல் இல்லை. பழக்கம் விட்டுப்போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துக் கார்த்திகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டோரமாக வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஒரு ஜல்லி லாரி ஹார்ன் அடித்தது.

“ஆத்தா, கார்த்திகா! ஒரு அஞ்சு நிமிசம் இங்கிட்டு வந்துட்டுப் போ. இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு.”

அவள் நடையை நிறுத்தவில்லை. “நேரமாச்சு மாமா. நாலு கிலோமீட்டர் நடக்கணும்.”

மணி எட்டு பதினான்கு. அறுபத்தொன்றில் எது என் தலையில் விழப்போகிறதோ தெரியவில்லை. கட்டைவிரலைப் போட்டேன்.