நீலப் பெட்டி

"கையைக் காட்டு."

மகள் காட்டினாள். உள்ளங்கை வியர்த்துப் பளபளத்தது. பேனா அதிலிருந்து இரண்டு முறை நழுவி விழுந்திருந்தது. மறுநாள் நுழைவுத் தேர்வு. தேறினால் மலைகளுக்கு அப்பாலுள்ள நகரத்தில் கல்லூரி, விடுதி.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை மீட்டு மீட்டு, வியர்வை, வறண்ட வாய், வயிற்றைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"பரீட்சை பயம்தான். மெதுவா மூச்சை இழுத்து விடு."

விட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"கதவு திறந்துடும்மா. நீ கண்டிப்பா பாஸ்!"

அவள் அழத் தொடங்கினாள்.

வேலைப் பளுதான் காரணம் என்று முடிவு செய்தார். அம்மா இறந்ததிலிருந்து அடுப்படி அவள் கையில். "இன்னிக்கு நீ அந்தப் பக்கமே வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தானே முட்டை வேகவைத்தார். தண்ணீர் வற்றி முட்டை வெடித்தது. பாதி கூரையில் ஒட்டிக்கொண்டது. மகள் அண்ணாந்து பார்த்தாள். அழுகை கூடியது.

நம்பிக்கை ஊட்டலாம் என்று கடைக்கு ஓடி, சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார்.

"பாரு, உன் ஹாஸ்டலுக்கு!"

அவள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

கூடத்தில் அவரும் பெட்டியும். ரயிலுக்கு நேரமாகிவிட்ட விருந்தாளிபோல் அது நின்றது. படிக்கும்போது மகள் வாய்க்குள் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுப்பாள். சில நாள்களாக அது இல்லை. இன்னொரு முறை அதைக் கேட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

குளியலறைக் கதவைத் தட்டினார். "சரிம்மா. ஃபெயிலானாலும் பரவாயில்ல."

தாழ்ப்பாள் திறந்தது. "நிஜமாவாப்பா?"

முகமெல்லாம் வெளிச்சம். மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். முணுமுணுப்பு கேட்டது. ஏங்கிய அதே மெட்டு. கேட்டதும் அவர் செருப்புகூடப் போடாமல் வெளியே இறங்கினார்.

எதிர்வீட்டுத் தையல்காரியிடம் ஓடினார். "தங்கச்சி, சின்ன வயசுலேருந்து அவ ஆசைப்பட்ட காலேஜ். இப்ப ஃபெயிலாகலாம்னு சொன்னா பாடுறா! பயத்துல மூளை கலங்கிடுச்சா?"

தையல்காரி மிஷினை நிறுத்தினாள்.

"நல்லா கண்டுபிடிச்சீங்கண்ணே, பரீட்சை பயம்! நேத்து இங்க வந்து, 'நான் ஹாஸ்டலுக்குப் போயிட்டா அப்பாவுக்கு முட்டை அவிக்கவாவது சொல்லித் தருவீங்களா அத்தை'ன்னு கேட்டு அழுதுட்டுப் போனா."