ரெண்டிலும் ஓடும் கால்குலேட்டர்

கொச்சி மட்டாஞ்சேரியில் மின்சாரத்தைக் கண்டு பயப்படாத ஒரே பிறவி அடாப்டர்தான். மின்சாரம்தான் அவரைக் கண்டு பயந்தது. உண்மைப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் தெருமுனையில், ஒரு ஆள் நின்றால் நிறைந்துவிடும் கடையில் ரேடியோவும் மிக்சியும் பழுது பார்ப்பவர். எதைக் கொடுத்தாலும் பேட்டரியிலும் வீட்டுக் கரண்டிலும் ஓடும்படி மாற்றித்தான் திருப்பித் தருவார். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

என் டார்ச்சுக்கு ஒரு தடவை மூன்று மீட்டர் ஒயர் வைத்துக் கொடுத்தார்.

“சேட்டா, கரண்ட் இருந்தா டார்ச் எதுக்கு?”

“கரண்ட் போனா செல் போடு. எடோ, கடவுள் மனுஷனுக்கு ரெண்டு கிட்னி எதுக்கு வச்சான்?”

எங்கள் வீட்டில் அந்த ஏற்பாடும் பலிக்கவில்லை. அப்பாவுக்கு இரண்டுமே போய்விட்டிருந்தன. தினம் நான்கு தடவை, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக இரண்டாயிரம் மில்லி மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்க வேண்டும். ரொம்பக் குறைவாக வந்தால் நீர் நுரையீரலைப் பிடிக்கும், உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்று டாக்டர் சொன்னார். அந்த நிமிஷமே எனக்குக் கழித்தல் மறந்துபோனது. இரண்டாயிரத்தில் இரண்டாயிரம் போனால் எவ்வளவு என்பதற்கும் கால்குலேட்டரைத் தேடினேன். போனில் போடலாமே என்பீர்கள். எண்ணைத் தட்டும்போதே யாராவது ஒரு அத்தை “அப்பா எப்படி?” என்று கூப்பிட்டுவிடுவாள்.

கால்குலேட்டரின் பொத்தான் செல் தீர்ந்ததும் அடாப்டரிடம் ஓடினேன். இரண்டு நாளில் அது ஒரு சோப்பு டப்பாவோடு ஒட்டிப் பிறந்ததுபோல் வந்தது. டப்பாவுக்குள் இரண்டு பென்சில் செல், பக்கத்தில் கரண்ட் ஒயர் செருக ஒரு துளை.

ஒரு வாரம் செல்லிலேயே ஓடியது. ஒரு மத்தியானம் ஒயரைச் செருகிவிட்டு, வடித்த பையைத் தராசில் தொங்கவிட்டு, எண்ணைத் தட்டினேன். டப்! வெடித்துப் புகைந்தது. நான் தெருவுக்கு ஓடி, “அய்யோ, அப்பா போயிட்டார்!” என்று அலறினேன்.

உள்ளேயிருந்து அப்பா மூச்சு வாங்கக் கேட்டார்: “எங்கடா போனேன்?”

அடாப்டர் சாயா கிளாசோடு ஓடிவந்தார். டப்பாவைத் திறந்தவரின் முகம் வெளுத்தது. ஒயர் செருகியதும் செல்லைத் துண்டிக்க வேண்டிய தகடு, உப்புக் காற்றில் துருப்பிடித்து ஆடுகிறதென்று அவரே ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார். கரண்ட் செல்லுக்குள்ளேயே ஏறிவிட்டது.

“என் தப்பாக்கும்” என்றார்.

“என் கால்குலேட்டர்!” என்று நான் அழுதேன்.

அவர் தராசைப் பார்த்தார். “அது கிடக்கட்டும். எவ்வளவு உள்ளே விட்டே?”

“ரெண்டாயிரம்.”

“ஆயிரத்து இருநூறுதான் வந்திருக்கு. எண்ணூறு உள்ளே கிடக்கு. அவருக்கு மூச்சு இழுக்கறது காதுல விழலையா? ஆட்டோவைக் கூப்பிடு, எடோ!”

அப்பாவை அவர்தான் தூக்கிவந்தார். பாலம் தாண்டும்வரை ஆட்டோவில் நான் போட்ட சத்தத்தில் அப்பாவே, “முதல்ல இவனுக்கு ஒரு ஊசி போடச் சொல்லுங்கோ” என்றார்.

நான்காம் நாள் அப்பா போய்விட்டார். இந்தத் தடவை நான் தெருவுக்கு ஓடவில்லை.

காரியங்கள் முடிந்த மறுநாள் அடாப்டர் கால்குலேட்டரோடு வந்தார். புதுத் தகடு, புதுச் செல். “தட்டிப் பாரு” என்றார். நான் தட்டவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

வீட்டில் இப்போது கழிக்க எதுவும் இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை, செல் தீர்ந்துவிட்டதென்று அதை அவர் கடைக்கு எடுத்துப்போகிறேன். அவர் செல்லை மீட்டரில் வைக்கிறார். முள் ‘ஃபுல்’ வரை ஓடி நிற்கிறது. “ஆமா, தீர்ந்துபோச்சு” என்று சொல்லி, நான் உட்கார ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்.